பழைய கார் என்றால் ஆடத்தான் செய்யுமா? – வில்வண்டி முதல் அம்பாசடர் வரை



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார். அப்பா வைத்திருந்த பழைய அம்பாசடரை நம்ம ஊர் வீட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்து, பெயின்ட் அடித்து, சீட் மாற்றி, ஆசையாக ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். "சார், இன்ஜின் அருமையா இருக்கு. ஆனா ரோட்டுல வண்டி நேரா நிக்க மாட்டேங்குது. ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருத்திக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. கேட்டா, பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்ங்காங்க. அப்படித்தானா சார்?" என்றார்.

"அப்படித்தான்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு 2003-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஞாபகம் வந்துவிட்டது. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. ஆனால் ரிட்டயர் ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே, கொஞ்சம் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குப் பேச வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டு வகை மாட்டுவண்டி உண்டு. ஒன்று பார வண்டி. அச்சின் மேல் நேராகச் சட்டம் உட்கார்ந்திருக்கும். உப்பு மூட்டைக்கும் நெல் மூட்டைக்கும் அது போதும். இன்னொன்று வில்வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை அடுக்கி வில் போல வளைத்துப் பூட்டியிருப்பார்கள். கல்யாண வீட்டுக்கும் திருச்செந்தூர்க் கோயிலுக்கும் வசதியானவர்கள் அதில்தான் போவார்கள். அந்த "வில்"தான் இன்றைக்கும் நம் லாரிகளுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை. லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர் 1804-ல் பட்டை வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் குதிரை வண்டிகள் லேசாகவும் குலுங்காமலும் ஓடத் தொடங்கின.

வில் வந்ததும் ஒரு பிரச்சினையும் கூடவே வந்தது. வில் என்பது அமுங்கினால் எழும்பும், எழும்பினால் மறுபடி அமுங்கும். ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் தானாக நிற்க நேரமாவது போலத்தான். மாட்டின் வேகத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. மோட்டார் வேகத்தில் சக்கரம் தரையை விட்டே துள்ளியது. அந்தத் துள்ளலை அடக்க வந்ததுதான் ஷாக் அப்சார்பர். பெயரைப் பார்த்து அதுதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதிர்ச்சியைத் தாங்குவது வில். வில்லின் ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். இந்த வேலைப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

அடுத்தது திருப்புவது. பழைய நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதுமே ஒரு நடு ஆணியில் திரும்பும். கூர்மையாகத் திருப்பினால் வண்டி கவிழும். ஜெர்மனியில் லாங்கன்ஸ்பெர்கர் என்பவர் அச்சை அசையாமல் வைத்து, இரண்டு முனையிலும் சக்கரம் மட்டும் தனித்தனி ஆணியில் திரும்புகிற மாதிரி செய்தார். அவருடைய பிரதிநிதியாக லண்டனில் 1818-ல் காப்புரிமை பதிந்தவர் அக்கர்மன். பெயர் அக்கர்மனுக்கே போய்விட்டது. அந்த ஆணிதான் நம் மெக்கானிக்குகள் சொல்லும் கிங்பின். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பிதான் டை ராட்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே கட்டையாக இருந்த அச்சு இப்போது பல துண்டானது. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு. வண்டி சொகுசாகவும் லாவகமாகவும் ஆக ஆக மூட்டுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. மூட்டு இருக்கிற இடத்தில்தான் தேய்மானம். கார் ஆடுகிறது என்றால் எங்கேயோ ஒரு மூட்டு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மொத்த வண்டிக்கும் வயதாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இனி நம் நாட்டு வண்டிகளுக்கு வருவோம்.

மோரிஸ் கம்பெனியில் இருந்த அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் கார் 1948-ல் வந்தது. (பின்னால் 1959-ல் வந்த மினி காரும் அவர் கைவண்ணம்தான்.) மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. நீளவாக்கில் ஒரு இரும்புத் தண்டு. சக்கரம் மேலே போனால் அந்தத் தண்டு முறுக்கிக்கொள்ளும், விட்டால் திரும்பும். துணி பிழிகிற மாதிரி. இதற்கு டார்ஷன் பார் என்று பெயர். அதே ஏற்பாடு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலும் இருந்தது. 1942-ல் தொடங்கிய பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அந்த ஆக்ஸ்போர்டின் மூன்றாவது சீரிஸைத்தான் கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 1957-58 வாக்கில் அம்பாசடர் என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. முன்னால் டார்ஷன் பார், பின்னால் வில்வண்டிப் பட்டை, திருப்புவதற்கு ரேக் ஸ்டீரிங். 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அது நம் நாட்டு ரோடுகளின் ராஜாவாக இருந்தது.

பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்த பியட் 1100, 1970-களில் பத்மினி என்று பெயர் மாறியது. அதற்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை. ஸ்டீரிங் ரேக் கிடையாது, பல்சக்கரப் பெட்டி. நம் சென்னைப் பக்கத்து வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு செய்தது. சின்ன வண்டி, ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

1974-ல் புதிய துறைமுகம் திறந்தபோது நான் பள்ளி மாணவன். கப்பல் ஏஜென்ட் அலுவலக வாசலிலும் உப்பு முதலாளிகள் வீட்டு வாசலிலும் அம்பாசடர் நிற்கும். டாக்டர் வீடு என்றால் பியட். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தக் காரையும் "பிளசர்" என்றுதான் சொல்வார்கள். பிளசர் வந்தால் தெருவே கூடும்.

இந்த மூன்று வண்டிக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூட்டுகளுக்குக் கிரீஸ் வைத்தாக வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, கிரீஸ் கன்னை நிப்பிளில் மாட்டி, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதிது தெரியும்வரை அடிக்க வேண்டும். ஹெரால்டு இதில் ஒரு தனி ரகம். அதன் முன் சக்கரத்தின் கீழ் மூட்டு, வெண்கலத் துண்டுக்குள் மரை போட்டு ஏறி உட்கார்ந்திருக்கும். அதற்குக் கிரீஸ் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். விவரம் தெரியாமல் கிரீஸ் அடித்தால் அது மரைக்குள் போய்ச் சேராது. மரை காய்ந்து, துருப்பிடித்து, ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்து கெடுத்த கதை அது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். மூட்டுகள் குறைவு. இருக்கிற மூட்டும் ரப்பர் உறை போட்டு மூடிய பால் ஜாயிண்ட். கிரீஸ் அடிக்க வேண்டாம், தேய்ந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். நல்ல முன்னேற்றம். ஆனால் அதோடு ஒன்று போய்விட்டது. கிரீஸ் அடிக்கக் காருக்கு அடியில் படுக்கிறவன் மாதம் ஒருமுறை எல்லா மூட்டையும் கண்ணால் பார்ப்பான், கையால் தொடுவான். கிரீஸ் தேவையில்லாமல் போனதும் கீழே படுத்துப் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. பழைய வண்டிகளையும் புதிய வண்டி மாதிரியே பார்க்காமல் ஓட்ட ஆரம்பித்தோம். நானும் அப்படித்தான்.

இப்போது 2003-க்கு வருகிறேன்.

அப்போது என்னிடம் ஒரு செகண்ட் ஹேண்ட் அம்பாசடர் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளை நிறம். மச்சான் மூலமாக வாங்கியது. அதுவரை உப்பளத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நின்ற வண்டி. அந்த வருஷம் மழைக்காலத்தில் ஸ்டீரிங் லூசாக ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் "டக் டக்" என்று சத்தம். ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்தேன். பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடி ஆடியது. மறுபடி அலைன்மென்ட். இரண்டு மாதத்தில் மூன்று முறை. மூன்றாவது முறை கடைக்காரர், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. மேற்கொண்டு செலவில்லை பாருங்கள். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டது அலைன்மென்ட், அவர் செய்ததும் அலைன்மென்ட். அடியில் பாருங்கள் என்று நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 11, பாரதியார் பிறந்தநாள். எட்டயபுரத்தில் பேச்சுப் போட்டி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை என் காரிலேயே அழைத்துப் போனேன். போகும்போதே வண்டி அலைந்தது. எட்டயபுரம் பக்கம் கரிசல் மண் என்பது உங்களுக்குத் தெரியும். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடு அலை அலையாக ஆகிவிடும். நான்கு வழிச்சாலை வருவதற்கு முந்தைய காலம் அது. "கரிசல் ரோடு, அதுதான் ஆடுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது சாயங்காலம். பின் சீட்டில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். எதிரே ரோட்டை மறித்து ஆட்டு மந்தை. பிரேக் போட்டு, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டேன். அப்போது "டங்" என்று ஒரு சத்தம். வண்டி இடதுபக்கம் இழுத்தது. ஸ்டீரிங்கை வலதுபக்கம் ஒடித்தேன். வலது சக்கரம் கேட்டது, இடது சக்கரம் கேட்கவே இல்லை. வண்டி மெதுவாக ரோட்டை விட்டு இறங்கி வேலிக்கருவை முள்ளுக்குள் முகத்தை விட்டு நின்றது. ஒரு பிள்ளைக்கு நெற்றியில் லேசான வீக்கம். வேறு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளை பஸ் ஏற்றி வீட்டில் கொண்டு சேர்த்தேன்.

மறுநாள் எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணாச்சி வந்து பார்த்தார். இடதுபக்க டை ராட் எண்டு கழன்று தொங்கியது. அது ஒரு கிண்ணத்துக்குள் உருளுகிற குண்டு. குண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. ரப்பர் உறை எப்போதோ கிழிந்து, உப்புத் தண்ணீரும் மண்ணும் புகுந்து, கிரீஸ் கழுவிப்போய்த் துரு ஏறியிருந்தது. "சார், வண்டிக்கு வயசாகலை. இந்தக் குண்டுக்குத்தான் வயசாகியிருக்கு. அறுபதுல போகும்போது இது கழண்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அந்த ஆட்டுக்கு ஒரு கும்பிடு போடுங்க" என்றார்.

அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை வரிசையாகச் சொல்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்ன தொந்தரவு என்று சரியாகப் பெயர் வையுங்கள். "ஆடுது" என்பது நான்கு வேறு தொந்தரவுகளுக்கு ஒரே பெயர். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்ஸ் அல்லது கோணிய ரிம். எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் டயர் காற்று, பிடித்துக்கொண்ட பிரேக், அலைன்மென்ட். பள்ளத்தில் இறங்கிய பிறகு படகு மாதிரி எழும்பி எழும்பி அமர்ந்தால் ஷாக் அப்சார்பர். நேர் ரோட்டில் நிற்காமல் அலைந்து, நீங்கள் திருத்திக்கொண்டே இருந்தால் மூட்டும் புஷ்ஷும்.

இரண்டாவது, டயரைப் படியுங்கள். முதலில் காற்று சரியாக இருக்கட்டும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. கையை வைத்துத் தடவினால் ரம்பப் பல் போல ஒரு பக்கம் குத்தினால் இரண்டு முன் சக்கரங்களும் நேராக நிற்கவில்லை. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்ஸையோ சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, காரின் ஒவ்வொரு மூலையையும் உடம்பின் பாரம் கொடுத்து அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதன் உடம்பில் எண்ணெய் ஒழுகியிருந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

நான்காவது, இன்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரம் தரையில் நேராக இருக்கும்போது ஸ்டீரிங்கை இரண்டு விரலால் லேசாக ஆட்டுங்கள். ஒரு ஆளை வெளியே நிறுத்தி டயர் எப்போது அசைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அம்பாசடர், மாருதி போன்ற ரேக் வண்டியில் சும்மா சுற்றும் இடைவெளி மிகக் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். பியட் மாதிரி பெட்டி வைத்த வண்டியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அப்படி ஆட்டும்போதே இன்னொருவர் டை ராட் எண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பார்க்கட்டும். தேய்ந்த மூட்டு விரலில் "டிக்" என்று சொல்லும்.

ஐந்தாவதுதான் அண்ணாச்சியின் முக்கியமான பாடம். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். அம்பாசடருக்குக் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்தால்தான் டார்ஷன் பாரின் இறுக்கம் மூட்டிலிருந்து இறங்கும், தேய்மானம் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் அல்லது பால் ஜாயிண்ட். அடுத்து டயரின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டுங்கள். இப்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டு அல்லது ரேக்.

ஆறாவது, பின்பக்கத்தை மறக்காதீர்கள். ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனையிலும் உள்ள புஷ் நைந்தாலோ, அச்சைப் பட்டையோடு கட்டும் யு போல்ட் தளர்ந்தாலோ, பின் அச்சு கோணலாக நகரும். வண்டி பின்னாலிருந்து திரும்பும். ஓட்டுகிறவருக்கோ ஸ்டீரிங்தான் கெட்டுவிட்டது என்று தோன்றும். தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டி நேராக ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். இருபக்கமும் பின் சக்கரத் தடம் ஒரே பக்கமாக விலகியிருந்தால் குற்றவாளி பின்னால் இருக்கிறான்.

ஏழாவது நம் ஊருக்கென்றே உள்ளது. உப்புக் காற்று. அம்பாசடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். டார்ஷன் பாரின் பின்முனையைப் பிடிக்கிற குறுக்குச் சட்டம், பட்டையின் கொக்கி உட்காரும் இடம், இவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால், புஷ் மாற்றுவதற்கு முன் வெல்டிங் வேலை இருக்கிறது. பெயின்ட் எல்லாவற்றையும் மறைக்கும்.

கடைசியாக, வரிசை முக்கியம். முதலில் மூட்டு, புஷ், பேரிங். பிறகு ஷாக் அப்சார்பர், அதையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அலைன்மென்ட் கடைசியில். தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து கோடு போடுவது போல. நான் மூன்று முறை போட்ட கோடு அதுதான்.

கோயம்புத்தூர்த் தம்பி ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என்னை வைத்துக்கொண்டே எல்லாம் செய்து பார்த்தார். பிரேக் மிதித்த பிறகும் வலது சக்கரம் மேலும் கீழும் ஆடியது. கிங்பின். டை ராட் எண்டு இரண்டிலும் ரப்பர் உறை இல்லை. பின் பட்டையில் ஒரு புஷ் சப்பாத்தி மாதிரி இருந்தது. சாமான் வந்து மாட்டும்வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

இனி அந்த நான்கு பேருக்கு.

அன்று உங்களை வீட்டில் விட்டபோது, என்ன சார் லேட்டு என்று உங்கள் பெற்றோர் கேட்டார்கள். வண்டி பஞ்சர் என்று சொன்னேன். நெற்றி வீக்கத்துக்கும் பிரேக் போட்டதில் இடித்துக்கொண்டாள் என்று சொன்னேன். அது பஞ்சர் இல்லை. இரண்டு மாதமாக வண்டி எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியும். தெரிந்தே உங்களை ஏற்றிக்கொண்டு போனேன். பொய் சொல்லாதே என்று வகுப்பில் சொன்னவன் உங்கள் வீட்டு வாசலில் நின்று பொய் சொன்னேன். உங்களில் இரண்டு பேருக்கு இப்போது அந்த வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பெற்றோரில் சிலர் இன்று இல்லை, அவர்களிடம் இனி சொல்ல முடியாது. உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். அரைமணி நேர வேலை. யாராவது "பழசுன்னா அப்படித்தான்" என்று சொன்னால், "எந்த மூட்டு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.

உங்கள் வீட்டு அம்பாசடர், பியட், ஹெரால்டு கதைகளையும் எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்